பரோட்டா கடையில் யாரும் சாதி கேட்பதில்லை. பள்ளிச் சமையலில் மட்டும் ஏன்? பொது விவாதம் உண்மையில் எதை மாற்றுகிறது?

தூத்துக்குடி மில்லர்புரத்தில் சாயங்காலம் ஒரு பரோட்டா கடையில் போய் உட்காருங்கள். மாவு பிசைந்தவர் யார், கல்லுக்கு முன்னால் நிற்பவர் என்ன சாதி என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால், விசாரித்தவரைத்தான் பக்கத்து மேசைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

அங்கிருந்து எட்டயபுரம் பக்கம் போக சுமார் ஒரு மணி நேரம். அந்தப் பகுதியில் உள்ள உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், 2023 செப்டம்பரில், பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. சமைத்தவர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண். சாப்பிடக் கூடாது என்று முடிவெடுத்தது பிள்ளைகள் இல்லை, வீட்டில் இருந்த பெரியவர்கள். (பெயரைப் பார்த்து மதுரை மாவட்ட உசிலம்பட்டி என்று பலர் நினைத்துவிட்டார்கள். இது தூத்துக்குடி மாவட்டத்துச் சின்ன ஊர்.)

செய்தி வெளியானதும் டிவி, பத்திரிகை, சமூக வலைதளம் என எல்லா இடத்திலும் இதே பேச்சு. ஒவ்வொரு முறை இப்படி நடக்கும்போதும் அதே கேள்விதான் திரும்பி வருகிறது. நூறு வருஷமா பேசுறோம், எழுதுறோம், மேடை போட்டு விவாதம் பண்றோம். இதனால ஏதாவது மாறுதா?

மாறுகிறது. ஆனால் நாம் நினைக்கிற இடத்தில், நினைக்கிற வரிசையில் மாறுவதில்லை.

மூன்று ஊர், ஒரே பிரச்சினை

உசிலம்பட்டியில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தூத்துக்குடி எம்.பி. கனிமொழி, அமைச்சர் கீதா ஜீவன், அப்போதைய கலெக்டர் செந்தில்ராஜ் ஆகியோர் பள்ளிக்கே போனார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து, அந்தப் பெண் சமைத்த உணவையே சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம்தான்.

அதே மாதம் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர் பள்ளியிலும் இதே புகார் வந்தது. கலெக்டர் பிரபுசங்கர் நேரில் போனார், சாப்பிட்டார். கூடவே, எதிர்ப்புத் தெரிவித்தவர்களிடம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார்.

கொஞ்சம் பின்னால் போனால் 2018 ஜூலை. திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளி. பட்டியல் சமூகப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரில் ஒரு தரப்பு பள்ளியை முற்றுகையிட்டது. அதிகாரிகள் முதலில் செய்தது என்ன தெரியுமா? சமையலரை இடமாற்றம் செய்தார்கள். விஷயம் வெளியே வந்து பெரிய விவாதமான பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, எதிர்த்தவர்கள் மீது வழக்கும் பதிவானது. அந்த வழக்கில் 2025 நவம்பரில்தான் தீர்ப்பு வந்தது. 6 பேருக்கு 2 ஆண்டு சிறை. இடையில் ஓடியது ஏழு வருடம்.

2018-க்கும் 2023-க்கும் நடுவில் ஒன்று மாறியிருப்பதைக் கவனிக்கலாம். 2018-ல் அதிகாரிகளுக்கு உடனே தோன்றிய 'தீர்வு' அந்தப் பெண்ணை வேறு இடத்துக்கு அனுப்புவது. 2023-ல் அப்படி ஒரு உத்தரவு போட எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வந்திருக்காது. ஊர்க்காரர்கள் மனசு மாறியதா என்பது தனிக் கதை. அரசு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை முந்தைய விவாதம் தெளிவாக்கிவிட்டது. பொது விவாதத்தின் முதல் பலன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தப்பு செய்பவரை அது உடனே திருத்துவதில்லை. தப்புக்கு வளைந்து கொடுப்பவருக்கு அந்த வசதியை இல்லாமல் செய்கிறது.

எட்டயபுரத்துக்கும் சாப்பாட்டுக்கும் பழைய தொடர்பு

இந்தச் சம்பவம் எட்டயபுரம் பக்கத்தில் நடந்ததில் ஒரு வேதனையான பொருத்தம் இருக்கிறது. எட்டயபுரம் பாரதியார் பிறந்த ஊர். 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய ஊரும் அதுதான். பிறகு 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் மு.க.ஸ்டாலின் மதுரையில் தொடங்கிவைத்த காலை உணவு என்று அந்தத் திட்டம் வளர்ந்தது. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. 31 ஆயிரம் பள்ளிகள், சுமார் 17 லட்சம் பிள்ளைகள். உசிலம்பட்டி பிரச்சினை வெடித்தது அதற்கு அடுத்த மாதமே.

ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது பற்றிய சண்டை தென்மாவட்டங்களுக்குப் புதுசும் இல்லை. அன்றைய ஒன்றுபட்ட திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயர் ஒரு தமிழ்க் குருகுலம் நடத்தினார். தேசபக்தி சொல்லிக்கொடுக்கும் பள்ளி, காங்கிரஸ் நிதியும் வாங்கிய பள்ளி. அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி 1924-25-ல் வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடு எழுதினார், பேசினார். பெரியார் கேள்வி எழுப்பினார். தமிழ்நாடு காங்கிரஸே இரண்டாகப் பேச ஆரம்பித்தது. அந்தக் கொந்தளிப்பு அடங்குவதற்குள், 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் ஐயர் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வெளியேறக் காரணம் வகுப்புவாரி பிரதிநிதித்துவத் தீர்மானம் என்றாலும், விரிசல் ஆழமானது இந்தப் பந்தி விவகாரத்தில்தான்.

அந்த விவாதம் என்ன சாதித்தது? அன்று தனிப் பந்தி கேட்ட பெற்றோர் யாரும் மறுநாள் மனம் மாறிவிடவில்லை. ஆனால் 'இது வீட்டு வழக்கம், இதுல அடுத்தவன் என்ன சொல்றது' என்று இருந்த விஷயம், ஊரே கேள்வி கேட்கிற பொது விஷயமாக ஆனது. பிறகு 1938-ல் சென்னை மாகாணத்தில் பொது இடங்களில் தீண்டாமைத் தடைகளை நீக்கும் சட்டம், அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு, 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. பேச்சு முன்னால் போனது, சட்டம் பின்னால் வந்தது, ஓட்டல் மேசை அதற்கும் பின்னால் மாறியது.

அப்போ மில்லர்புரம் மாறிடுச்சா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. நகரத்துப் பரோட்டா கடையில் யாரும் சாதி கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அது மனசு மாறியதன் அடையாளமா, கேட்டாலும் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதன் அடையாளமா?

துறைமுகம், உப்பளம், தொழிற்சாலை என்று பல ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்த நகரம் தூத்துக்குடி. கடையில் வேலை பார்ப்பவர் இன்று இருப்பார், நாளை வேறு கடையில் இருப்பார். யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. கிராமத்தில் நிலைமை நேர் எதிர். காலை உணவுத் திட்டத்தில், கிராமப் பள்ளிகளில் சமைப்பவர்கள் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் தங்கள் பிள்ளை படிக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. பிள்ளைக்கு ஒழுங்காகச் சமைப்பார்கள் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதி அது. ஆனால் அதனாலேயே, சமைப்பவர் யார், எந்தத் தெரு, யார் மகள் என்பது ஊருக்கே அத்துப்படி. மாநகராட்சிப் பகுதிகளில் பெரும்பாலும் பொதுச் சமையல் கூடத்தில் சமைத்து வண்டியில் கொண்டு வருகிறார்கள். பாத்திரத்தைத் திறந்தால் பொங்கலும் சாம்பாரும் தெரியும், சமைத்த கை தெரியாது.

ஆக, உசிலம்பட்டிக்காரர் பிற்போக்கு, மில்லர்புரத்துக்காரர் முற்போக்கு என்று பிரித்துவிட முடியாது. கடையில் சாதி கேட்காத அதே நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். 'எந்த ஊரு?' என்று ஆரம்பித்து, 'அங்க எந்தத் தெரு?' என்று போய், 'நீங்க என்ன ஆளுக?' என்று வந்து நிற்கும். தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் இதுதான் கதை. கல்யாணப் பேச்சு என்றால் அந்தச் சுற்றுவழியும் கிடையாது, நேரடியாகவே கேட்டுவிடுவார்கள்.

2011-12-ல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், நாடு முழுக்க ஏறக்குறைய 27 சதவீத வீடுகள் ஏதோ ஒரு வகையில் தீண்டாமை கடைப்பிடிப்பதை ஒப்புக்கொண்டன. தெரியாத ஒரு ஆய்வாளர் வந்து கேட்கும்போது வாயால் ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் இவ்வளவு. அதே ஆய்வில் சாதி மாறி நடந்த திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான்.

முதலில் மாறுவது வார்த்தை

பொது விவாதம் எளிதில் கை வைக்கக்கூடியது சொற்கள் மேல்தான். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அக்டோபரில், தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணை வந்தது. 'பலகையை மாத்துனா சாதி போயிருமா?' என்ற கிண்டலும் உடனே வந்தது.

போகாதுதான். ஆனால் ஒரு சின்னப் பையன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, முகவரி எழுதும் இடத்திலேயே அவன் யார் என்று காட்டிக்கொடுக்கும் வார்த்தை இல்லாமல் போவது அவனுக்குச் சின்ன விஷயம் இல்லை. பரோட்டா கடை தரும் அந்த 'யாருக்கும் தெரியாது' என்கிற பாதுகாப்பில் ஒரு சிறு பகுதி அது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பேச்சும் கதையும் மனிதர்களை மாற்றுமா என்று உலகில் சிலர் அளந்தே பார்த்திருக்கிறார்கள். இனப்படுகொலை நடந்த ருவாண்டாவில், சமரசத்தை மையமாக வைத்து ஒரு வானொலித் தொடர் ஒலிபரப்பானது. எலிசபெத் பாலக் என்ற உளவியல் ஆய்வாளர், ஒரு தரப்பு மக்களை அதைக் கேட்க வைத்தார், இன்னொரு தரப்பை உடல்நலம் பற்றிய தொடரைக் கேட்க வைத்தார். ஒரு வருடம் போனது. 2009-ல் வெளியான அவருடைய முடிவு பலரை யோசிக்க வைத்தது. சமரசத் தொடரைக் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் 'நம்ம ஊர்ல எது சரின்னு மத்தவங்க நினைக்கிறாங்க' என்ற கணிப்பு மாறியிருந்தது. நடத்தையும் அந்தக் கணிப்பை ஒட்டியே நகர்ந்தது.

உசிலம்பட்டியில் கலெக்டரும் எம்.பி.யும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். 'போட்டோவுக்காக ஒரு நாள் சாப்பிட்டாங்க' என்று அதைத் தள்ளிவிடுவது சுலபம். ஊரில் சாப்பிட விட்டால் என்ன என்று நினைத்த ஒரு தாய் இருந்திருந்தால், அவர் பயந்தது தீட்டுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு. எல்லாரும் பார்க்க ஒரு பந்தி நடந்த பிறகு, அந்தத் தாய்க்குப் பிள்ளையை அனுப்ப ஒரு சாக்கு கிடைக்கிறது. 'கலெக்டரே சாப்பிட்டாரு, நம்ம பிள்ளைக்கு என்ன?' ஊர்ப் பேச்சில் இந்த ஒரு வரிக்கு இருக்கும் பலம், பத்து மேடைப் பேச்சுக்கு இருக்காது.

நம்ம ஊர் கேபிள் டிவி பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் கேபிள் டிவி வந்த கிராமங்களைப் பார்த்தார்கள். கேபிள் வந்த பிறகு, மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தது. அந்த வீடுகளில் பெண்கள் பார்த்தது பெரும்பாலும் சீரியல். வேறு மாதிரி வாழும் பெண்களைத் தினமும் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இரவு ஒன்பது மணி விவாதங்களுக்கு அப்படி ஒரு பலன் இருக்கிறதா என்பது நியாயமான சந்தேகம். அங்கே நான்கு பேர் நான்கு பெட்டிக்குள் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறார்கள். இதற்கும் ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மாட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர், பல சாதி இளைஞர்களை வைத்து கிரிக்கெட் லீக் நடத்தினார். வேறு சாதிக்காரரோடு ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியில் நின்று மோதியவர்களிடம் அந்தப் பலன் கிடைக்கவில்லை, சில விஷயங்களில் தலைகீழாகவும் போனது.

ஸ்ரீவைகுண்டம் பகுதியை நினைத்துப் பார்க்காமல் இதைப் படிக்க முடியாது. 2025 மார்ச்சில், பரீட்சை எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் 1 மாணவன் ஒருவன் வெட்டப்பட்டான், விரல்கள் துண்டாகின. கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். தென்மாவட்டக் கிராமங்களில் கபடி அணி என்பதே பல இடங்களில் ஒரு தெருவின் அணி. அதாவது ஒரு சாதியின் அணி. அணியைக் கலந்து அமைத்தால் விளையாட்டு சேர்க்கும். தெருவுக்கு ஒரு அணி என்று விட்டால், அதே விளையாட்டு பழைய பகைக்குப் புதுக் கணக்கு எழுதும்.

விவாதம் நுழையாத கதவு

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். மாநிலமே அதிர்ந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதி அடையாளக் கயிறு கட்டத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் என்று பல பரிந்துரைகள். அந்த அறிக்கை வந்து ஒன்பது மாதத்தில்தான் ஸ்ரீவைகுண்டம் சம்பவம்.

2025 ஜூலை 27-ல் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்துக் கிராமத்துக்காரர், பட்டியல் சமூகத்தவர். வேறு சாதிப் பெண்ணோடு இருந்த காதலே காரணம் என்று வழக்கு. கைதானவர்களில் ஒருவர் அந்தப் பெண்ணின் தம்பி. படிப்பு, ஐ.டி. வேலை, நல்ல சம்பளம் எல்லாம் இருந்தும் அந்த இளைஞரைக் காப்பாற்ற முடியவில்லை. சமூக வலைதளத்தில் ஒரு பக்கம் கொதிப்பு. இன்னொரு பக்கம், கொலையை வீரமாகக் கொண்டாடிய பதிவுகள். பொது விவாதம் என்ற அதே சந்தையில்தான் இரண்டும் விற்றன.

தனிச் சட்டம் வேண்டும் என்ற பழைய கோரிக்கை மறுபடி எழுந்தது. அக்டோபரில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். விவாதம் அரசை அசைத்தது. ஆனால் பெண் யாரைக் கட்டிக்கொள்வாள் என்று முடிவெடுக்கும் வீட்டுக்குள் அது இன்னும் நுழையவில்லை. பந்தியில் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சம் நல்லது செய்ய வைக்கிறது. கல்யாணத்தில் அதே நாலு பேர்தான் அரிவாள் எடுக்கவும் வைக்கிறார்கள். 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயம் இரண்டிலும் ஒன்றே. ஊர் என்ன சொல்கிறது என்பதுதான் வேறு.

அதனால், விவாதத்துக்குப் பலன் உண்டா என்று பொதுவாகக் கேட்பதை விட, எந்த இடத்தில் ஊரின் பேச்சு மாறியிருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். பள்ளிப் பந்தியில் மாறிக்கொண்டிருக்கிறது. அங்கே தினமும் ஒரு வேலை நடக்கிறது, யார் பரிமாறினார்கள், யார் சாப்பிடவில்லை என்று ஆசிரியர் கண்ணில் படுகிறது, மறுத்தால் கேட்க ஆள் இருக்கிறது. வாடகை வீட்டில் கேட்க ஆள் இல்லை. கல்யாணத்தில் கேட்பவருக்கே ஆபத்து.

காலை உணவுத் திட்டம் 2024-ல் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இப்போது சுமார் 20 லட்சம் பிள்ளைகள். பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும், முதல் மணி அடிப்பதற்கு முன், இத்தனை பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, யாரோ ஒரு அக்கா கிண்டிய உப்புமாவைச் சாப்பிடுகிறார்கள். கிராமப் பள்ளிகளில், அந்த அக்காவின் பிள்ளையும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.